இரண்டு மையங்கள்



இலக்கியச் சபையில் உயிரணுவைப் பற்றிப் பேச வந்தது சிலருக்கு விசித்திரமாகத் தோன்றலாம். ஆயினும் அளவு மீறியதால் விளைந்த கேடுகளைக் காவியங்களிலே கண்டு தேர்ந்த உங்களுக்கு, கண்ணுக்குப் புலனாகாத ஓர் உயிரணுவுக்குள்ளும் அதே கதை நிகழ்கிறது என்பது அந்நியமான செய்தியாக இராது.

உயிரணு இரண்டாகப் பிரியும்போது தன் குரோமோசோம்களைச் சரிபாதியாகப் பங்கிட வேண்டும். அதற்காக இரு துருவங்களை நிறுவி, அவற்றினின்று நுண்குழல் இழைகளை விரிப்பது சென்ட்ரோசோம் என்னும் நுண்ணுறுப்பு. அதன் நடுவே சென்ட்ரியோல் எனும் இரண்டு உருளைகள். ஒன்றின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான்.

1888-இல் இவ்வுறுப்புக்குப் பெயரிட்டவர் ஜெர்மானிய விஞ்ஞானியாகிய தியோடர் போவெரி. நேப்பிள்ஸ் நகரத்துக் கடலோர ஆராய்ச்சி நிலையத்தில் அவர் கடல் முள்ளெலியின் முட்டை ஒன்றுக்குள் இரண்டு விந்தணுக்கள் புகுமாறு செய்தார். விந்தணுவே துருவ மையத்தையும் கொண்டுவருவதால், அங்கே இரண்டுக்குப் பதிலாக நான்கு துருவங்கள் எழுந்தன. குரோமோசோம்கள் நாலாபக்கமும் தாறுமாறாக இழுபட்டன. கருக்கள் பெரும்பாலும் மடிந்தன. குரோமோசோம்கள் ஒவ்வொன்றும் தனித்தனிக் குணமுடையவை என்று இதிலிருந்து நிறுவியதோடு அமையாமல், புற்றுநோயின் மூலகாரணமும் இத்தகைய கோணல் பங்கீடாக இருக்கக்கூடும் என்று 1914-இல் வெளியிட்ட சிறு நூலிலே துணிந்து எழுதினார். மறு ஆண்டே காலமானார்.

அப்படியானால் மையங்கள் இரண்டுக்கு மேல் பெருகாதபடி கணக்கு வைப்பது யார்? விடை, புரதங்களிலே கிடைத்தது. 1982-இல் டிம் ஹன்ட் என்ற விஞ்ஞானி, அதே கடல் முள்ளெலியின் முட்டைகளிலே, ஒவ்வொரு பிரிவுக்கும் முன் பெருகி உடனே மறைகின்ற சைக்ளின் என்ற புரதத்தைக் கண்டார். அது கைனேஸ் எனும் நொதிகளோடு சேர்ந்து, மற்றப் புரதங்களின்மேல் பாஸ்பேட்டைப் பொருத்தி, உயிரணுவின் காரியங்களைக் கிரமப்படி ஏவுகிறது. இவ்வகை ஆய்வுக்காக ஹன்ட், ஹார்ட்வெல், நர்ஸ் மூவரும் 2001-இல் நோபல் பரிசு பெற்றனர்.

ஆனால் என் மனத்தை மிகவும் கவர்ந்தது பி.எல்.கே.4 என்ற கைனேஸே. அதனை நீக்கினால் புதிய சென்ட்ரியோல் பிறப்பதில்லை, மிகுத்தால் கொத்துக் கொத்தாகப் பிறக்கின்றன என்று 2005-இல் இரண்டு ஆய்வுக் குழுவினர் தனித்தனியே வெளியிட்டனர். இத்தகைய வல்லமையைக் கட்டுக்குள் வைப்பது எங்ஙனம்? தன் தலையில் தானே கைவைத்த பஸ்மாசுரனைப்போல, இப்புரதத்தின் மூலக்கூறுகள் நெருங்கிச் சேர்ந்தவுடன் ஒன்றன்மேலொன்று பாஸ்பேட்டைப் பொருத்துகின்றன; அவ்வாறு குறி பெற்றவை உயிரணுவின் அழிப்பு இயந்திரத்துக்கு இரையாகின்றன. அசுரன் அறியாமையால் மாண்டான். இங்கே அழிவுதான் ஒழுங்கு. இதற்குமேலும் ஒரு பூட்டு உண்டு: தாய்ச் சென்ட்ரியோலோடு சேய் ஒட்டியிருக்கும்வரை மறுபடி நகல் எடுக்க இயலாது; பி.எல்.கே.1 என்ற கைனேஸும் செபரேஸ் என்ற நொதியும் பிரிவின் இறுதியில் அவற்றை விலக்கிய பின்னரே அடுத்த அனுமதி.

இனி வியப்பான செய்தி ஒன்று. 2006-இல் கேம்பிரிட்ஜில் வளர்த்த சென்ட்ரியோல் அற்ற பழ ஈக்கள், தாய் முட்டையில் வைத்த இருப்பு முதலில் உதவ, முழு ஈக்களாகவே உருப்பெற்றன; புலன் நரம்புகளுக்கு வேண்டிய குறு இழைகள் இல்லாமையால் பின்னரே மாண்டன. மிகையோ அவ்வளவு எளிதில் விடுவதில்லை: பி.எல்.கே.4 மிகுதியாக உண்டாகுமாறு மாற்றிய எலிகளின் பல திசுக்களில் புற்றுக்கட்டிகள் தாமாகத் தோன்றின என்று 2017-இல் வெளியாயிற்று. போவெரியின் ஊகத்துக்கு நூறாண்டு கடந்து கிடைத்த சாட்சி இது. இல்லாமை தீங்கன்று என்று சொல்ல வரவில்லை. சென்ட்ரோசோமுக்குரிய சில புரதங்களின் ஜீன் பழுதுபட்டால் மனிதக் குழந்தை சிறுத்த தலையோடு பிறக்கிறது.

போவெரியின் நூலை, அவர் மறைந்த பின், தாமும் உயிரியல் அறிஞரான அவருடைய மனைவி மார்செல்லா ஆங்கிலத்தில் பெயர்த்து 1929-இல் வெளியிட்டார். பரிசோதனையால் நிரூபிக்க வழியில்லாத காலத்திலும் ஒரு மனிதர் எவ்வளவு நேர்மையாகத் தர்க்கித்தார் என்பதை நம் மாணவர்களும் தாய்மொழியிலேயே படித்தறிய வேண்டும். அந்நூலைத் தமிழிலே பதிப்பிக்கும் பணியை இச்சங்கம் மேற்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொண்டு அமைகிறேன்.