ஆசிட் நீர்த்தால் பேட்டரி தளரும்



தில்லியில் மெட்ரோ நிலைய வாசல்களில் ஈ-ரிக்‌ஷாக்கள் வரிசையாக நிற்கும். இன்றும் பல வண்டிகள் காரீய பேட்டரியில்தான் ஓடுகின்றன. ஒரு பேட்டரி 12 வோல்ட். நான்கு சேர்ந்தால் 48 வோல்ட். பேட்டரி படுத்தால் ஓட்டுநரின் பிழைப்பும் படுத்துவிடும்.

பேட்டரி ஏன் தளர்கிறது? முதலில் ஒரு சோதனையைப் பார்ப்போம்.

இரண்டு கண்ணாடிக் குவளைகளில் மயில்துத்தக் கரைசல் இருக்கிறது. ஒன்று கெட்டி மோர் போல அடர்த்தி. மற்றது நீர்மோர் போல. இரண்டிலும் ஒரே மாதிரி செம்புத் தகடு. உப்புநீரில் நனைத்த காகிதம் இரு கரைசல்களையும் இணைக்கிறது. தகடுகளைக் கம்பியால் இணைத்தால் மின்சாரம் ஓடும்! ஒன்று மற்றதைவிடப் பத்து மடங்கு அடர்த்தி என்றால், சுமார் 0.03 வோல்ட் கிடைக்கும். இரண்டும் சமமானால் மின்சாரம் நின்றுவிடும். மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் பாய்வது போலத்தான் இதுவும். ஜெர்மனி நாட்டு விஞ்ஞானி நெர்ன்ஸ்ட் 1889-இல் இதற்குக் கணக்குச் சொன்னார்.

ரிக்‌ஷா பேட்டரியில் தகடுகள் இரண்டு வகை. மின்சாரம் பெரும்பாலும் அந்த வேறுபாட்டால் வருகிறது. ஆனால் ஆசிட்டின் அடர்த்தியும் அதைக் கூட்டும், குறைக்கும்.

வண்டி ஓட ஓட, ஆசிட்டில் உள்ள கந்தகச் சத்து தகடுகளில் ஒட்டிக்கொள்ளும். ஆசிட் நீர்த்துப்போகும். மெக்கானிக் ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்ப்பது இதைத்தான். முழு சார்ஜில் அது சுமார் 1.28 காட்டும். அப்போது பேட்டரியில் சுமார் 12.7 வோல்ட் இருக்கும். 1.12-க்கு இறங்கினால் 11.8 வோல்ட்தான். சார்ஜ் செய்தால் சத்து தகட்டை விட்டு ஆசிட்டுக்குத் திரும்பும்.

வண்டியை அப்படியே போட்டுவைத்தால் என்ன ஆகும்? ஒட்டிய சத்து தகட்டிலேயே இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் முழுப் பலம் வராது. ஆகவே ஓட்டம் முடிந்ததும் சார்ஜ் போட வேண்டும்.

பேட்டரியில் வற்றுவது தண்ணீர்தான், ஆசிட் அல்ல. அதனால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். ஆசிட் ஊற்றினால் தகடு அரித்துப்போகும். குழாய்த் தண்ணீரும் கூடாது.

சார்ஜ் ஆகும்போது தீப்பிடிக்கும் வாயு வெளியேறும். பக்கத்தில் பீடி பற்றவைக்காதீர்கள். கையில் ஆசிட் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

ஆசிட்டைக் கவனியுங்கள். பேட்டரி நீண்டநாள் உழைக்கும்.