சூதாட்டப் பெட்டியும் ஒரு மணிப் படமும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நான் வேலை பார்க்கும் அமெரிக்காவில் பல மாநிலங்களில் பழைய ஸ்லாட் மெஷினைச் சேகரிப்புப் பொருளாக வீட்டில் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அவற்றைப் பழுது பார்ப்பது எனக்கு சனி, ஞாயிறு பொழுதுபோக்கு. "சூதாட்டம் சொல்லித்தர வந்துட்டான்"னு முதல் வரிசையில் யாரோ முணுமுணுக்கிறீர்கள். இல்லை சார், ரிலேயும் நிகழ்தகவும்தான்.

பெட்டியைக் கொண்டு வருபவர்கள் கேட்பது ஒன்றேதான்: "பேஅவுட்டைக் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ண முடியுமா?" உள்ளே ஒரு திருகு இருக்கும், திருப்பினால் காசு கொட்டும் என்று நினைப்பு. அப்படி ஒரு திருகு கிடையாது. அந்தக் கேள்விக்குள் இரண்டு தனித்தனி வேலைகள் இருக்கின்றன.

ஒன்று, காசை எண்ணுவது. அந்தக் கால மெக்கானிக்கல் பெட்டிகள், குழாயில் அடுக்கிய காசை மட்டுமே கொடுக்கும். 1963-ல் பாலி கம்பெனியின் 'மணி ஹனி' வந்தது. அதில் ஹாப்பர் என்ற தொட்டி. ஆள் உதவியில்லாமல் 500 காசு வரை கொடுத்தது. மோட்டார் சுற்ற, காசு ஒவ்வொன்றாக மேலேறி, விழும்போது ஒரு சின்ன சுவிட்சைத் தட்டும். தட்டல் கணக்கு முடிந்ததும் மோட்டார் நிற்கும். சுவிட்ச் ஒரு தட்டலை விட்டால் ஒரு காசு கூடுதல். துள்ளி இரண்டாக எண்ணினால் ஒரு காசு குறைவு. இடைவெளியைச் சரிசெய்து காண்டாக்டைத் துடைத்தால் பெரும்பாலும் தீர்ந்தது. தயவுசெய்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க, மேல்பூச்சு போயிடும்.

இரண்டாவதுதான் உண்மையான பேஅவுட். 3 சக்கரம், சக்கரத்துக்கு 20 நிறுத்தம் என்றால் மொத்தம் 8,000 சேர்க்கை. மணிப் படம் முதல் சக்கரத்தில் 2, அடுத்ததில் 5, மூன்றாவதில் 4 என்று வைத்துக்கொள்வோம். 40 வழிகள். பரிசு 18 காசு என்றால் 720 காசு, அதாவது போட்ட பணத்தில் 9 சதவீதம். முதல் சக்கரத்தில் ஒரு மணியை எடுத்தால் அது 4.5 ஆகிவிடும். அதே மணியை இரண்டாவதில் எடுத்தால் 7.2. எடுத்தது ஒரு படம்தான், ஆனால் எந்தச் சக்கரத்தில் என்பதில்தான் விஷயம். இதை வகுப்பில் இப்படிச் சொல்லியிருந்தால் நானும் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்!

இங்கேதான் ஒரு வில்லங்கம். மின்சாரப் பெட்டி படத்தைப் பார்ப்பதில்லை. சக்கரத்தோடு சுற்றும் தட்டிலுள்ள செம்புப் பட்டைகளை, தொட்டு நிற்கும் விரல்கள் படிக்கின்றன. படத்தாளை மட்டும் மாற்றி ஒட்டினால், கண்ணுக்கு மணி, மெஷினுக்கு வேறு ஏதோ. மூன்று மணி வரிசையாக நிற்கும், காசு வராது. அப்படி ஒட்டித்தரச் சொல்லி ஒருவர் கேட்டார். மறுத்தேன், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

1984-ல் டெல்னஸ் என்பவர் பெற்ற காப்புரிமைக்குப் பிறகு, நிற்கும் இடத்தைக் கம்ப்யூட்டரின் எண் தீர்மானித்தது. ஒரு படத்துக்குப் பல எண், இன்னொன்றுக்கு ஒரே எண். சக்கரத்தில் எண்ணிப் பார்த்து வாய்ப்பைச் சொல்ல முடியாது. பழைய பெட்டியில் முடியும். அதனால்தான் அதன்மேல் எனக்கு மரியாதை.

வேலை முடிந்ததும், பரிசு வரிசை ஒவ்வொன்றையும் கையால் நிறுத்தி வைப்பேன். படத்தையும் பட்டையையும் ஒப்பிட்டு, விழும் காசை மேஜையில் அடுக்கி எண்ணுவேன். ஒரு பெட்டிக்கு முழு மதியம் ஆகும். சந்தேகம் இருந்தால் சாப்பாட்டுப் பந்தியில் பிடித்துக் கேளுங்கள்.