புழுவுக்கு ஒரு முட்டுக்கட்டை
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"மெக்கானிக்கல் படிச்சவன் புழுவைப் பத்தி என்னடா பேசப் போறான்?" என்று பின்வரிசையில் கேட்பது காதில் விழுகிறது. எங்கள் அப்பாயிக்கு யானைக்கால். கொலுசு ஏறாத அந்தக் காலைப் பார்த்தே வளர்ந்தவன் நான். கம்ப்யூட்டரில் புழுவுக்கு மருந்து தேடும் குழு ஒன்றில் புரோகிராம் எழுத ஆள் வேண்டும் என்றதும், சம்பளம்கூடச் சரியாகக் கேட்காமல் போய்ச் சேர்ந்தேன்.

கிடைத்ததோ வேறு புழு. பெயர் ஷிஸ்டோசோமா. ஆப்பிரிக்காவில்தான் அதன் ஆட்டம் அதிகம். நத்தையிலிருந்து தண்ணீருக்கு வந்து, குளிக்க இறங்கும் பிள்ளைகளின் தோலைத் துளைத்து, ரத்தக் குழாயில் வருஷக்கணக்கில் குடித்தனம் நடத்தும். 2021 கணக்குப்படி 25 கோடிப் பேருக்கு மேல் தடுப்புச் சிகிச்சை தேவைப்பட்டது. ஊர் ஊராகக் கொடுக்க இன்றும் இருப்பது 1970களில் வந்த பிராசிகுவாண்டெல் ஒன்றுதான். அதுவும் இளம் புழுவிடம் அவ்வளவாகப் பலிக்காது.

ரத்தத்தில் வாழும் புழுவை ஆக்சிஜன் அரித்துக்கொண்டே இருக்கும், இரும்பைத் துரு தின்கிற மாதிரி. அதைச் சமாளிக்க நம் உடம்பில் இரண்டு என்சைம்கள் தனித்தனியே உண்டு. புழுவுக்கு இரண்டு வேலைக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று, சுருக்கமாக டி.ஜி.ஆர். ஸ்டாண்ட்பை பம்ப் இல்லாத பாய்லர் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் தங்கம் கலந்த ஆரனோஃபின் என்ற மருந்து இதை முடக்குவது 2007ல் தெரிந்தது. எலிகளில் புழுக்கள் பாதிக்கு மேல் குறைந்தன. 2008ல் ரோம் ஆராய்ச்சியாளர்கள் டி.ஜி.ஆரைப் படிகமாக்கி, எக்ஸ்ரே மூலம் அதன் வடிவத்தை வெளியிட்டார்கள். அடுத்த வருஷமே தங்க அணுக்கள் எங்கே ஒட்டுகின்றன என்பதையும் காட்டினார்கள்.

பூட்டின் அச்சு கையில் இருக்கிறது, சாவி செய்வது என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன். ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளை அந்த வடிவத்தில் பொருத்திப் பார்த்து, முதல் இருபதைச் சோதனைக்கு அனுப்பினேன். இருபதும் தோல்வி. நான்கு மாத உழைப்பு, கூடவே மற்றவர்களின் பணம். ஒரு வாரம் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தப்பு என்னுடையதுதான். புரதத்தை வார்ப்பிரும்பு மாதிரி அசையாத பொருளாக வைத்துக் கணக்குப் போட்டிருந்தேன். அதுவோ மூச்சு விடுகிற மாதிரி அசைந்துகொண்டே இருக்கும் சாமான்.

இந்த அசைவின் அருமை 2018ல் வெளியான ஒரு ஆய்வைப் படித்தபோதுதான் உறைத்தது. சின்னச் சின்ன மூலக்கூறுத் துண்டுகளை டி.ஜி.ஆர். படிகத்தோடு சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். என்.ஏ.டி.பி.எச். என்ற எலக்ட்ரான் சப்ளைக்காரர் நுழையும் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம். துண்டு அதில் போய் உட்கார்ந்தால் நுழைவுக்கே முட்டுக்கட்டை! வேலை நடக்கும் மையத்தைத் தொடவே வேண்டாம். எனக்கு நம்ம ஹாஸ்டல் கதவுக்கு அண்டக் கொடுத்த செங்கல் ஞாபகம் வந்தது.

இவற்றில் எதுவும் இன்னும் புழு மாத்திரை ஆகவில்லை. என் புரோகிராமில் இப்போது அந்த வாசல் அசைகிறது. புதிய பட்டியல் லேபுக்குப் போயிருக்கிறது, முடிவு வரவில்லை. பிளஸ் டூவோடு பயாலஜிக்கு முழுக்குப் போட்டவர்கள் யாராவது இந்த வேலைக்கு வர ஆசைப்பட்டால், சாப்பாட்டுப் பந்தியில் என்னைப் பிடியுங்கள்.