வக்கீல் ஓட்டிய படகு

1942 மார்ச் 28, நள்ளிரவு தாண்டிய நேரம். பிரான்சின் செயின்ட் நசேர் துறைமுகத்தில், ஜெர்மானியர் வசமிருந்த உலர்துறைக் கதவில் பிரிட்டிஷ் கப்பல் கேம்பல்டவுன் வேண்டுமென்றே முட்டியது. முன்னால் வழிகாட்டிப் போனது ஒரு மரப்படகு. அதன் தலைவர் டன்ஸ்டன் கர்டிஸ், தொழிலால் வக்கீல்! மேல்தட்டில் பெட்ரோல் தொட்டிகள், சுற்றிலும் குண்டுமழை. மறைப்பில்லாமல் முன்பீரங்கியை இயக்கிய வில்லியம் சாவேஜ் உயிரைவிட்டார். அவருக்கு விக்டோரியா கிராஸ் வீரப்பதக்கம் கொடுத்தார்கள். சல்லடையான படகை எப்படியோ கடலுக்குக் கொண்டுவந்துவிட்டார் கர்டிஸ். கேம்பல்டவுனில் ஒளித்துவைத்திருந்த வெடிமருந்து பகலில்தான் வெடித்தது. போர் முடியும்வரை அந்த உலர்துறை யாருக்கும் உதவவில்லை.

பிறகு கர்டிஸ், எதிரியின் ரகசிய ஆவணங்களைக் கைப்பற்றும் 30-வது கமாண்டோ பிரிவில் சேர்ந்தார். வக்கீலுக்கேற்ற வேலைதான்! போருக்குப்பின் ஐரோப்பிய கவுன்சிலின் துணைப் பொதுச்செயலாளர் ஆனார்.