போகிறவரை எப்படி அனுப்புகிறார்கள்?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"வேலை தேடுவோர் எதிர்பார்க்கும் நல்ல நிறுவனம்" என்ற தலைப்பில் பத்து நிமிடம் பேசும்படி சங்கச் செயலாளர் பணித்திருக்கிறார். சமையல் கூடத்திலிருந்து சாம்பார் வாசனை இங்கே வரை வருகிறது. அதனால் நேரத்துக்குள் முடித்துவிடுவேன், பயப்பட வேண்டாம்.

நான் இங்கே மெக்கானிக்கல் முடித்துப் போய் பதின்மூன்று வருடம் ஆகிறது. இது மூன்றாவது கம்பெனி. ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் தயாரிப்புப் பிரிவில் இருக்கிறேன். கொஞ்ச காலமாக இண்டர்வியூ மேஜைக்கு அந்தப் பக்கமும் உட்காருகிறேன். கடைசியில் "நீங்க ஏதாவது கேக்கணுமா?" என்று கேட்பது என் வழக்கம். பெரும்பாலோர் "நத்திங் சார்" என்று எழுந்துவிடுவார்கள். கேட்கிற சிலரும் இரண்டு கேள்விதான் கேட்பார்கள். பேக்கேஜ் எவ்வளவு? லொகேஷன் எங்கே?

தப்பான கேள்வி இல்லை. வீட்டில் கல்விக் கடன் இருக்கும், அக்கா கல்யாணம் இருக்கும். பணத்தைக் கேட்பதில் வெட்கம் என்ன? ஆனால் கேட்கிறதை முழுசாகக் கேளுங்கள். சி.டி.சி. ஆண்டுக்கு 5 லட்சம் என்றால் மாதம் 41,000 கைக்கு வரும் என்று மனக்கணக்கு போடுகிறோம். உதாரணத்துக்கு, அதில் அடிப்படைச் சம்பளம் பாதி என்று வையுங்கள். கம்பெனி கட்டும் பி.எஃப்., 15,000 ரூபாய் வரம்புக்கு 12 சதவீதம், வருடத்துக்கு 21,600. கிராஜுவிட்டி என்று சுமார் 12,000. வேரியபிள் பே 50,000. இன்ஷூரன்ஸ் பிரீமியம் 6,000. உங்கள் பங்கு பி.எஃப். இன்னொரு 21,600. எல்லாம் போக மாதம் 32,400 வரும். இதில் அந்தக் கிராஜுவிட்டி இருக்கிறதே, நிரந்தர ஊழியருக்குப் பொதுவாக ஐந்து வருடம் முடித்தால்தான் கிடைக்கும். மூன்றாம் வருடம் மாறப்போகிறவருக்கும் அதைச் சம்பளக் கணக்கில் காட்டுவார்கள். ஆகவே "கைக்கு எவ்வளவு வரும் சார்?" என்று தைரியமாகக் கேட்கலாம். நல்ல இடத்தில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

தொழிற்சாலை என்றால் ஷாப் ஃப்ளோரைச் சுற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். பிரஸ் ஷாப்பில் இரண்டு கையாலும் பட்டனை அழுத்தினால்தான் மெஷின் இறங்கும்படி வைத்திருப்பார்கள். கை உள்ளே மாட்டக் கூடாது என்பதற்காக. அதில் ஒரு பட்டனை டேப் போட்டு ஒட்டி, ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டிருந்தால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். உற்பத்தி எண்ணிக்கைக்காக ஒரு ஆபரேட்டரின் விரலைப் பணயம் வைக்கிறவர்கள் உங்களையும் அப்படித்தான் வைப்பார்கள். தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: பத்துப் பேர் வேலை செய்யும் இடம் எதுவானாலும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள் புகார்க் குழு இருக்க வேண்டும். அதன் உறுப்பினர் பெயர்கள் நோட்டீஸ் போர்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இதெல்லாம் சரி. ஆனால் ஒரு நிறுவனத்தைப் பற்றி நான் முதலில் விசாரிப்பது வேறு. அங்கிருந்து விலகிப் போகிறவர்களை எப்படி அனுப்புகிறார்கள்?

சேருகிற அன்று எல்லாக் கம்பெனியும் நல்ல கம்பெனிதான். பை கொடுப்பார்கள், டீ-ஷர்ட் கொடுப்பார்கள், வாசலில் பெயர் எழுதி வரவேற்பார்கள். ராஜினாமா கொடுத்த அன்றைக்கு நம்மால் அவர்களுக்கு இனி லாபம் இல்லை. அதற்குப் பிறகு நடந்துகொள்வதுதான் அசல் குணம்.

என் ஹாஸ்டல் நண்பர் ஒருவர் சேரும்போதே ஒரிஜினல் டிகிரி சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டது ஒரு நிறுவனம். இரண்டரை வருடம் கழித்து அவருக்கு வேறு நல்ல வேலை வந்தது. நோட்டீஸ் காலம் முழுவதும் வேலை பார்த்தார். ரிலீவிங் லெட்டர் கேட்டால் "எச்.ஆர். லீவு", "எம்.டி. கையெழுத்து பாக்கி" என்று மூன்று மாதம் இழுத்தார்கள். புது இடம் அவருக்காக எவ்வளவு நாள் காத்திருக்கும்? அந்த ஆஃபர் போய்விட்டது. இன்னொரு நண்பர் கோவைப் பக்கம் நாற்பது பேர் வேலை செய்யும் ஒரு சின்ன ஃபவுண்டரியில் இருந்தார். அவர் விலகிய அன்று முதலாளியே கூப்பிட்டு, கணக்கு முடித்து, "போய்ட்டு வாங்க தம்பி, ஒத்துவரலைன்னா சொல்லுங்க" என்றாராம். நண்பர் திரும்பிப் போகவில்லை. ஆனால் இன்றைக்கும் வேலை தேடி வருகிற பையன்களை அங்கேதான் அனுப்புகிறார்.

இதில் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ராஜினாமா செய்தவருக்குச் சேரவேண்டிய சம்பளத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். "எங்க வழக்கம் 45 நாள்" என்று சொன்னால் அது அவர்கள் வழக்கம், அவ்வளவுதான். பணி நியமனக் கடிதம் கொடுப்பதும் இப்போது கட்டாயம். சட்டத்துக்காகக் காத்திராதவர்களும் இருந்திருக்கிறார்கள். ஜாம்ஷெட்பூரில் டாடா எஃகாலை 1920-லேயே வைப்பு நிதி தொடங்கியது, பி.எஃப். சட்டம் வந்ததோ 1952-ல்.

பாண்டு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. "அது சும்மா பேப்பர்டா, கோர்ட்ல நிக்காது" என்று சீனியர்கள் சொல்வார்கள். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுத்துறை வங்கி, ஆள் எடுக்க ஆகும் செலவு, அதிகாரி பதவி எல்லாவற்றையும் எடைபோட்டுச் சொன்ன தீர்ப்பு. எல்லா பாண்டுக்கும் அப்படியே பொருந்திவிடாதுதான். ஆனாலும் தொகை, காலம், என்ன பயிற்சி தருகிறார்கள், மூன்றையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டை மட்டும் யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். காட்டுங்கள், ஜெராக்ஸ் கொடுங்கள், கையோடு எடுத்து வந்துவிடுங்கள்.

சேருவதற்கு முன்பே இதையெல்லாம் எப்படித் தெரிந்துகொள்வது? பி.எஃப். நிறுவனத்தின் இணையதளத்தில் கம்பெனி பெயரைப் போட்டுத் தேடினால், எந்த மாதத்துப் பணத்தை எந்தத் தேதியில் எத்தனை பேருக்குக் கட்டினார்கள் என்று வரும். அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். மாதாமாதம் தள்ளிப்போகிறது என்றால் கல்லாவில் பணம் இல்லை என்று அர்த்தம். அடுத்து தள்ளிப்போவது சம்பளமாக இருக்கலாம். முந்நூறு பேர் என்று சொல்லிவிட்டு அறுபது பேருக்குக் கட்டியிருந்தால் காரணம் கேளுங்கள். காண்ட்ராக்டர் பெயரில் கட்டப்படுவதும் உண்டு.

அதைவிட நல்ல வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. இந்த மலரின் கடைசிப் பக்கங்களில் முன்னாள் மாணவர் பட்டியல் இருக்கிறது, துறை, வருடம் வாரியாக. ஆஃபர் கிடைத்ததும் அந்தக் கம்பெனியில் முன்பு இருந்து விலகியவரைத் தேடிப் பிடியுங்கள். இப்போது உள்ளே இருப்பவர் கொஞ்சம் அடக்கித்தான் பேசுவார், அவர் நிலைமை அப்படி. விலகியவரிடம், "அண்ணா, கடைசி மாசச் சம்பளம் எப்ப வந்துச்சு? ரிலீவிங் லெட்டர் எத்தனை நாள்ல குடுத்தாங்க?" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். சண்டை போட்டுக்கொண்டு வந்தவராக இருந்தால் கோபத்தில் பேசலாம். அதனால் ஒருவரோடு நிறுத்தாமல் இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள்.

என் பெயரும் எண்ணும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஷிஃப்டில் இருந்தால் எடுக்க மாட்டேன், இரவு எட்டு மணிக்கு மேல் கூப்பிடுங்கள்.