அலை முறியும் இடம்

விசுவமடுவில் நிற்பவர் கண்ணுக்குக் கடல் தெரியாது. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த அவ்வூர், வயலும் தோட்டமும் சூழ்ந்த உழவர் ஊர். ஆயினும் அவ்வூர் மக்களின் உலையில் வேகும் மீன் முல்லைத்தீவுக் கரையிலிருந்து வருகின்றது. அந்த மீனைக் கொணர்ந்தவர் எவ்விடத்தில் தம் உயிரைப் பணயம் வைத்தார் என்று வினவினால், நடுக்கடலில் என்றே பலரும் விடை கூறுவர். உண்மை வேறு. சிறு படகுக்குப் பெரும் இடர் காத்திருப்பது கரைக்கு மிக அண்மையில், அலை முறிந்து நுரைக்கும் அந்தக் குறுகிய நீர்ப்பரப்பிலேயே ஆகும்.

தெற்கே கொக்கிளாய் முதல் வடக்கே சுண்டிக்குளம் வரை நீண்டு கிடக்கும் கீழைக்கரை, வங்காள விரிகுடாவை நேர்முகமாக நோக்கியது. யாழ்ப்பாணக் கடனீரேரிக்கு இருப்பது போன்ற தீவுகளின் அரண் இதற்கு இல்லை. பங்குனி தொடக்கம் புரட்டாதி வரை கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். கரைவலை இழுப்போர்க்கு அதுவே நற்காலம். ஐப்பசி பிறந்து வாடைக்காற்று எழுந்ததும் நிலைமை மாறிவிடும். மழைவெள்ளத்தால் நந்திக்கடல், நாயாறு ஆகியவற்றின் முகத்துவாரங்களில் மணல்திட்டு உடைந்து நீர் கடலுக்குப் பாயும். உள்ளிருந்து பாயும் நீரும் வெளியிலிருந்து வரும் அலையும் மோதும் அவ்விடத்தை அறிந்தவர் அணுகார்.

கரையருகே அலை ஏன் முறிகின்றது? ஆழ்கடலில் அலை செல்லும்போது நீர் அதனுடன் செல்வதில்லை. நீர்த்துளி வட்டமிட்டுத் தன் இடத்துக்கே ஏறத்தாழ மீள்கின்றது. ஆற்றல் மட்டுமே முன்னேறுகின்றது. ஆதலின் அங்கே படகு ஏறி இறங்குமேயன்றி அடித்துச் செல்லப்படுவதில்லை. நிலம் உயர்ந்து நீர் ஆழம் குறையுமிடத்தில் அலையின் அடி தடையுறுகின்றது, முகடோ முந்துகின்றது. நீரின் ஆழம் அலையின் உயரத்தைப்போல் ஏறத்தாழ ஒன்றேகால் மடங்காகக் குறையும்போது முகடு கவிழ்கின்றது. மூன்றடி அலை ஏறக்குறைய நான்கடி ஆழத்தில் முறியும். அப்போது நீரே பாய்கின்றது. அலையின் உயரம் இரு மடங்கானால் அதன் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். நேற்று எளிதாய்க் கடந்த அலை இன்று சற்றே உயர்ந்திருக்கின்றது என்று இகழ்வது பெருந்தவறு.

அனைத்து அலைகளும் ஒரே அளவின அல்ல. சிறிது வேறுபட்ட நீளமுடைய அலைத்தொடர்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது, சில அலைகள் ஓங்கியும் அடுத்த சில தாழ்ந்தும் வரும். கடலோடியின் முதற்கலை இங்கேதான் தொடங்குகின்றது. அது துடுப்பு வலிக்கும் கலையன்று, காத்திருக்கும் கலை. படகை நீர்விளிம்பில் நிறுத்தி, பெரிய அலைகளின் கூட்டம் ஒன்று கடந்து, அடுத்த கூட்டம் வருமுன் எத்துணை இடைவேளை கிடைக்கின்றது என்பதை அவர் கணிக்கின்றார். அலை குறைவாக முறியும் இடமெது என்றும் நோக்குகின்றார். கரையில் குவிந்த நீர் மீண்டும் கடலுக்கு ஓடும் ஆழமான வாய்க்கால் போன்ற வழி அது. நீந்துவோர்க்கு நமனாகும் அந்நீரோட்டமே, வெளியே செல்லும் படகுக்கு வழித்துணையாகும்.

இடைவேளை கிடைத்ததும் தயக்கம் கூடாது. அணியம் அலைக்கு நேரே இருக்கப் படகைத் தள்ளி, நீர் இடுப்பளவு எட்டியதும் ஏறி வலிக்க வேண்டும். முறியும் அலை எதிர்ப்பட்டால் வலிப்பதை நிறுத்துதல் ஆகாது. விசை குன்றிய படகை அலை பின்னே தள்ளி, பக்கவாட்டில் திருப்பிவிடும். பக்கம் காட்டிய படகு பெரும்பாலும் கவிழ்ந்த படகே.

செல்வதினும் மீள்வது கடினம். செல்பவர் அலையை எதிரே காண்கின்றார். மீள்பவருக்கு அலை முதுகுப்புறத்தில் வருகின்றது. உடல் களைத்திருக்கும், படகில் மீனும் நனைந்த வலையும் சுமையாயிருக்கும், கண்ணெதிரே வீடு தெரியும். அந்த அவசரமே பகையாகும். தேர்ந்தவர் அலை முறியும் எல்லைக்கு வெளியே படகை நிறுத்தி, பின்னே திரும்பி நோக்கியபடி காத்திருப்பார். பெருங்கூட்டத்தின் கடைசி அலை தம்மைக் கடந்ததும் அதன் முதுகைத் தொடர்ந்து வலிப்பார். முகட்டுக்கு முன்னே அகப்பட்டால் படகு சரிவில் வழுக்கியோட, அணியம் நீரில் குத்தி, அமரம் சுழன்று, படகு குறுக்கே விழும். அமரத்தில் துடுப்புப் பிடித்திருப்பவர் படகை நேராக வைத்திருப்பதே அவ்வேளையில் அனைவர் உயிருக்கும் காப்பு. கவிழ்ந்தே விட்டாலோ ஒரு விதியை மறத்தலாகாது: படகுக்கும் கரைக்கும் இடையே எவரும் நிற்கக் கூடாது. அடுத்த அலை அந்தப் படகைச் சுமந்துவந்து அவர்மேல் மோதும். படகின் கடற்புறத்தில் நிற்பதே தகும்.

இவ்விதிகள் ஒரு நாட்டுக்கு மட்டும் உரியனவல்ல. 1824இல் தோன்றிய பிரித்தானிய உயிர்காப்புப் படகு நிறுவனம், முறியும் அலையில் திறந்த படகைச் செலுத்தும் முறையை நெறிகளாகத் தொகுத்து வெளியிட்டது. கரை நோக்கி வரும் படகின் விசையை அடக்கி நேராக வைத்திருக்க, பின்னால் கயிற்றில் நீர்த்தடைப் பையொன்றை இழுத்துவரும் வழக்கமும் அங்கு உண்டு. துருவக் கடற்கரையில் வாழும் இனுயிற்று மக்கள் தோலால் அமைத்த கயாக்கு என்னும் ஒற்றையாள் படகிலும் நேராக நிற்றல், காத்திருத்தல், சமநிலை ஆகியவையே உயிர்நாடி.

தமிழர் கரை இச்சிக்கலுக்குக் கண்ட விடை கட்டுமரம். சென்னை மாகாண மீன்துறையின் தலைவராயிருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் வெளியிட்ட ஆய்வில் அதன் பல வகைகளை விரித்துரைத்தார். அதற்கும் முன்பே, 1697இல் வெளிவந்த வில்லியம் டாம்பியரின் பயண நூலில் அதன் பெயர் இடம்பெற்றது. இலேசான மரக்கட்டைகளைக் கயிற்றால் பிணைத்த அந்த மிதவையில் நீர் நிரம்புவதற்கு உட்குழிவே இல்லை. மேலே விழுந்த நீர் இடுக்குகளின் வழியே இறங்கிவிடும். கவிழ்ந்தாலும் அமிழாது. கரை சேர்ந்தபின் கட்டையவிழ்த்து மரங்களை உலர்த்தலாம். இக்காலத்தில் பொழுதுபோக்குக்கும் மீன்பிடிக்கும் பயன்படும் நெகிழிக் கயாக்குகள் பலவற்றில் இருக்கைக்கருகே நீர் வடியும் துளைகள் உள. கட்டுமரத்தின் இடுக்குகள் செய்த வேலையையே அவை செய்கின்றன.

சென்னையில் துறைமுகம் அமையும் முன்னர், கப்பல்கள் வெளியே நங்கூரமிட, பயணிகளையும் பொருள்களையும் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். ஆணி அறையாமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்த அப்படகு, அலை அறைந்தபோது உடையாமல் நெகிழ்ந்து கொடுத்தது. துறைமுகம் கட்டும் பணி 1870களில் தொடங்கியது. 1881ஆம் ஆண்டுப் புயல் அதன் கற்சுவர்களைச் சிதைத்தது. வன்மையால் எதிர்த்த கல் உடைந்த அதே கரையில், இணங்கிச் சென்ற மரமும் கயிறும் தலைமுறைகளாகப் பணிபுரிந்தன.

இன்று முல்லைத்தீவுக் கரையில் கண்ணாடியிழைப் படகும் வெளியிணைப்பு இயந்திரமுமே மிகுதி. இயந்திரம் தொலைவைச் சுருக்கிற்று, உழைப்பைக் குறைத்தது. ஆயினும் அலை முறியும் இடத்தில் அதன் துணைக்கு எல்லை உண்டு. நீர் ஆழமற்றுப் போகும் கடைசிக் கட்டத்தில், சுழலி மணலில் இடியாதிருக்க அதனைத் தூக்க வேண்டும். தூக்கிய கணத்தில் விசையும் போகின்றது. திசை திருப்பும் வலுவும் போகின்றது. அந்தச் சில நொடிகளில் படகைக் காப்பவை பழைய துடுப்பும், பழகிய கண்ணும், கரையில் நின்று படகைப் பற்றி இழுக்கும் கைகளுமே.

அந்தக் கண் பழகுவதற்குக் காலம் வேண்டும். தந்தையின் பக்கத்தில் நின்று பல ஆண்டுகள் அலை பார்த்த மகனுக்கே அது கைகூடும். இக்கரையிலோ அந்தத் தொடர்ச்சி பலமுறை அறுந்தது. போர்க்காலத் தடைகள் நெடுங்காலம் படகுகளைக் கரையில் முடக்கின. 2004 டிசம்பர் 26இல், ஆழ்கடலில் உணர்வதற்கு அரிதாயிருந்த ஆழிப்பேரலை, ஆழமற்ற கரையோரத்தில் ஓங்கி எழுந்து ஊர்களை வாரிச் சென்றது. 2009இன் தொடக்க மாதங்களில் விசுவமடு உட்பட்ட உள்ளூர்களின் மக்களும் கரையோர மக்களும் ஒருங்கே இடம்பெயர்ந்து, இறுதியில் இக்கடற்கரையிலேயே சொல்லொணாத் துயருற்றனர். உயிர் தப்பியோர் முகாம்களில் வாழ்ந்து, பின்னரே படிப்படியாக மீண்டனர். படகும் வலையும் மறுபடி வாங்கக் கூடியவை. முதியவரோடு மறைந்த அலைக்கணக்கை எந்தக் கடையிலும் வாங்குதல் இயலாது.

ஆதலின் இன்னும் அக்கணக்கை அறிந்தவர் உள்ளபோதே இளையோர் அதனைக் கற்றல் வேண்டும். உயிர்காப்பு அங்கி அணிவதும், வானிலை அறிவிப்புக்குச் செவிசாய்ப்பதும் இன்றைய அறிவு தந்த நலன்கள். அவை முதியோர் அறிவுக்குத் துணையாகுமேயன்றி மாற்றாகா. அலை ஓங்கும் நாளில் படகை மணலிலேயே விட்டுவைப்பவரைக் கோழை என்று எவரும் எள்ளுதல் தகாது. அன்று ஒரு குடும்பத்தின் உலை காயலாம். மறுநாள் கடல் அடங்கும்போது வலை வீச அவர் இருப்பார்.