உழைக்கும் தாய்மாரும் நம் பிள்ளைகளின் கல்வியும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிர்வாகக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

மேலப்பாளையம் முதலாக நெல்லைச் சீமையின் பல ஊர்களில் பெண்கள் பீடி சுற்றிக் குடும்பம் காத்து வருகின்றனர். நம் மஹல்லாவும் அதற்கு விலக்கன்று. இலையை நனைத்து வெட்டி, தூள் வைத்துச் சுற்றி, நூல் கட்டி, கணக்குக் குறையாமல் பீடிக்கடையில் ஒப்படைக்க வேண்டும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதே கூலி. கை நின்றால் கூலியும் நின்றுவிடும். ஆயினும் வீட்டிலிருந்தபடி செய்வதால் அதனை வேலையாகவே எண்ணாதோர் நம்மிடையே உண்டு.

பிள்ளை படிப்பில் பின்தங்கினால் முதற்கேள்வி தாயை நோக்கியே எழுகிறது. கணக்கு எட்டாத நாளில், பீடியின் நுனி மடக்க மகளை அருகில் அமர்த்துகிறாள் தாய். அன்றைய பாடம் தவறிப்போகிறது. இது பாசக் குறைவன்று, நேரக் குறைவு. நேரத்தைப் பகிர்ந்துகொள்ளாமல் அறிவுரை மட்டும் வழங்குவது நீதியாகாது.

இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் இளமையிலேயே தந்தையை இழந்து, தாயாரால் மக்காவில் வளர்க்கப்பட்டவர்கள். ஆசிரியருக்குக் கொடுக்க அந்தத் தாயிடம் பொருளில்லை. ஆசிரியர் இல்லாத வேளையில் மாணவர்களைப் பார்த்துக்கொள்வதையே கூலியாக ஏற்று ஆசிரியர் கற்பித்தார் என வரலாறு கூறுகிறது. தாயின் நிலைக்கேற்பக் கல்விக்கூடம் வளைந்து கொடுத்தது. உம்மத்திற்கு ஓர் இமாம் கிடைத்தார்.

நம் ஜமாஅத்தும் அவ்வாறு வளைந்து கொடுக்க வேண்டும். எனவே பின்வருவனவற்றை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, மஃரிப் முதல் இஷா வரை மதரஸா வகுப்பறைகளைப் பள்ளிப் பாடம் படிக்கத் திறந்து வைத்தல். பட்டம் பெற்ற நம் பிள்ளைகள் வாரத்தில் ஒரு மாலையையேனும் இதற்கு ஈந்தால் போதும். மாணவியருக்குத் தனி வகுப்பறையும் ஆசிரியையும் வேண்டும்.

இரண்டாவது, கல்வி உதவித்தொகை. பீடித் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு முதல் வகுப்பிலிருந்தே மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் உதவித்தொகைத் திட்டம் உள்ளது. தொழிலாளர் அடையாள அட்டை அதற்கு அவசியம். விண்ணப்பம் இணையம் வழியே. அட்டை எடுக்காமலும் விண்ணப்பிக்கத் தெரியாமலும் இவ்வுரிமையை இழக்கலாகாது. ஜும்ஆவுக்குப் பின் ஜமாஅத் அலுவலகத்தில் இதற்கென ஒருவர் அமர்ந்து உதவ வேண்டும்.

மூன்றாவது, ஆண்களாகிய நமக்கு. நபி (ஸல்) அவர்கள் வீட்டாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். அந்த சுன்னத்தை நாம் மறந்துவிட்டோம். தண்ணீர் பிடிப்பதும் பிள்ளையின் நோட்டைப் புரட்டிப் பார்ப்பதும் ஆண்மைக்கு இழுக்கல்ல. வெளியூரில் இருப்போர் அன்றாடம் தொலைபேசியில், "சாப்பிட்டாயா?" என்பதோடு, "இன்று என்ன படித்தாய்?" என்றும் கேட்கலாம்.

தாயின் கை பீடி சுற்றினாலும், மகளின் கை எழுதுகோலை விடாதிருக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.